தணிவும் குணமும்

தமிழிலே ‘குணம்’ என்னும் சொல் இரு பொருளில் வழங்குகிறது. ஒருவருடைய இயல்பைக் குணம் என்கிறோம். நோய் நீங்குவதையும் குணமாதல் என்கிறோம். உடல் தன் இயல்புக்கு மீள்வதே நோய் நீங்குதல் என்னும் கருத்து இவ்வழக்கில் அடங்கியிருக்கிறது. மருத்துவமனைக்குச் செல்லும் எவரும் கேட்க ஏங்கும் சொல் இதுவே. இச்சொல்லை இடமறியாமல் நாம் ஒருமுறை சொல்லிவிட்டோம். அதனால் நேர்ந்ததை முதலில் கூறி, பின்னர் இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியின் வரலாற்றையும், அதில் நம் வேலூருக்கு உரிய பங்கையும் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நாம் வாழும் சிற்றூர் பாறசாலைக்கு அருகே உள்ளது. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தியமைக்கப்பட்டபோது, தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்தைச் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைச் சந்தையில் காய்கறி வாங்கிக்கொண்டு கால் நடையாகவே இந்தப் பக்கம் வந்துவிடலாம். ஆயினும் அந்தப் பக்கம் ஒரு மாநிலம், இந்தப் பக்கம் வேறொரு மாநிலம். எங்கள் பகுதியில் வீட்டு மொழி தமிழாகவும் பள்ளி மொழி மலையாளமாகவும் உள்ள குடும்பங்கள் பல. மருத்துவமனையிலிருந்து வரும் காகிதமோ ஆங்கிலத்தில் இருக்கும். அக்காகிதத்தைப் படித்துச் சொல்வதற்கு ஊரில் யாராவது ஒருவர் வேண்டும். மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் மொழிபெயர்ப்பாளராக இருப்பதனால் அந்தப் பொறுப்பு நம்மைத் தேடி வந்தது.

2016-ஆம் ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, அலுவலகத்துக்குப் புறப்பட்டுப் பாறசாலை இரயில் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தோம். எங்கள் தெருவில் கைத்தறி நெய்யும் அன்பர் ஒருவர் ஓடி வந்தார். அவருடைய ஒன்பது வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய் என்று கண்டறிந்து, பல மாதங்களாகச் சிகிச்சை நடந்துவந்தது. முந்தின நாள்தான் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “அண்ணாச்சி, பிள்ளைக்கு என்ன எழுதியிருக்கு, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கோ” என்று காகிதத்தை நீட்டினார். வண்டி வரும் நேரம். முதல் வரியில் ‘கம்ப்ளீட் ரெமிஷன்’ என்னும் தொடரைக் கண்டோம். “பயப்படாதீர்கள். நோய் முழுக்கப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார்கள், குணமாகிவிட்டது” என்றோம். அவர் இரு கைகளையும் கூப்பினார். வண்டி வந்தது, ஏறிவிட்டோம்.

அந்த ஆங்கிலச் சொல் நமக்குப் பழக்கமானது. அலுவலகக் கோப்புகளில் அது நாள்தோறும் வரும். நிலவரியைப் பற்றி வந்தால் ‘வஜா’ அல்லது ‘தள்ளுபடி’ என்று எழுதுவோம். சிறைவாசியைப் பற்றி வந்தால் ‘தண்டனைக் குறைப்பு’ என்று எழுதுவோம். தள்ளுபடியான வரி திரும்ப வருவதில்லை. அந்தப் பழக்கமே நம் நாவில் வந்தது. வைத்தியத்தில் அச்சொல்லின் பொருள் வேறு என்பதை நாம் எண்ணவில்லை. காகிதத்தின் அடியில், இன்னும் ஏறத்தாழ இரண்டாண்டு காலம் மாத்திரைகளை விடாது கொடுத்துவர வேண்டும் என்று எழுதியிருந்ததையும் நாம் படிக்கவில்லை. கையிலிருந்த மாத்திரைகள் தீர்ந்தபின் அவர்கள் மேலும் வாங்கவில்லை. குறித்த நாளில் போகவும் இல்லை. குணமான பிள்ளைக்கு மாத்திரை எதற்கு? ஆறு வாரங்களுக்குப் பின் மருத்துவமனையிலிருந்தே தொலைபேசியில் விசாரித்தபோதுதான் செய்தி வெளிப்பட்டது. மருந்தை மீண்டும் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு நோய் திரும்பி வந்தது.

அந்த ஆறு வாரங்களால்தான் நோய் திரும்பியதா என்று டாக்டரிடம் கேட்டோம். ஒழுங்காக மருந்து உண்டவர்களுக்கும் சிலருக்குத் திரும்புவதுண்டு; இந்தப் பிள்ளைக்கு இன்ன காரணம் என்று அறுதியிட முடியாது என்றார். அவ்விடை நமக்கு ஆறுதல் தரவில்லை. அன்றுமுதல் அந்த ஒரு சொல்லின் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். படிக்கப் படிக்க, இரத்தப் புற்றுநோய் ஆராய்ச்சியின் கதை முழுவதுமே அந்தச் சொல்லுக்கும் ‘குணம்’ என்னும் சொல்லுக்கும் இடையேயுள்ள தூரத்தைக் கடந்த கதைதான் என்பது புலனாயிற்று.

நோயின் தன்மையை முதலில் பார்ப்போம். நம் எலும்புகளுக்குள்ளே மஜ்ஜை என்னும் மென்மையான பொருள் இருக்கிறது. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள், வெள்ளையணுக்கள், இரத்தத்தை உறையச் செய்யும் நுண்தட்டுகள் ஆகிய மூன்றும் அங்கேதான் பிறக்கின்றன. இவையனைத்துக்கும் தாயாகிய அணுக்களை மூலஅணுக்கள் என்கிறோம். ‘ஸ்டெம் செல்’ என்று இக்காலத்தில் வழங்குபவை இவையே. 1845-இல் ஜெர்மனியில் விர்ஹோ என்பவரும், ஸ்காட்லாந்தில் பென்னட் என்பவரும், வெள்ளையணுக்கள் வரம்பின்றிப் பெருகி இறந்தவர்களைத் தனித்தனியே ஆராய்ந்து எழுதினார்கள். விர்ஹோ 1847-இல் ‘வெள்ளை இரத்தம்’ என்று பொருள்படும் ‘லூக்கீமியா’ என்னும் பெயரை அளித்தார். இரத்தம் பிறக்கும் இடம் மஜ்ஜையே என்பதை 1868-இல் நாய்மன் என்னும் மற்றொரு ஜெர்மானியர் நிலைநாட்டினார். வயல் முழுதும் களை மண்டினால் நெல்லுக்கு இடமில்லாது போவதுபோல, கெட்ட அணுக்கள் மஜ்ஜையை நிறைத்துவிட்டால் நல்ல அணுக்கள் பிறக்க இடமில்லை. சோகையும், ஓயாத காய்ச்சலும், இரத்தக் கசிவும் தோன்றுகின்றன. நோய்க்குப் பெயர் கிடைத்துப் பின்னும் ஒரு நூற்றாண்டுக் காலம், கடுமையான வகையால் பீடிக்கப்பட்ட குழந்தைகள் சில வாரங்களிலோ சில மாதங்களிலோ மடிந்தனர்.

இந்நிலை மாறுவதற்கு வித்தாக அமைந்த ஆராய்ச்சி ஒன்று நம் நாட்டிலேயே நடந்தது. 1928-இல் லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மாது பம்பாய்க்கு வந்தார். அங்கே ஏழைக் கர்ப்பிணிகளுக்கு உண்டான ஒருவகைச் சோகையை அவர் ஆராய்ந்தார். ஆலைத் தொழிலில் உழைத்த பெண்களும் அவர்களுள் இருந்தனர். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த மலிவான சத்தினை உட்கொண்டால் அச்சோகை நீங்குகிறது என்பதை 1931-இல் வெளியிட்டார். அந்தச் சத்திலே இருந்த பொருள்தான் பின்னர்க் கீரையிலிருந்து பிரிக்கப்பட்டு ‘ஃபோலிக் அமிலம்’ என்று பெயர் பெற்றது. புதிய அணுக்கள் பிறப்பதற்கு இன்றியமையாதது அது.

இனி, அந்தப் பொருளைத் தொழிற்சாலையில் செய்து காட்டியவரைப் பார்ப்போம். எல்லப்பிரகட சுப்பாராவ் 1895-இல் அன்றைய சென்னை மாகாணத்துப் பீமவரத்தில் பிறந்தவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றார். கதராடை உடுத்தி அறுவைக் கூடத்துக்கு வந்ததனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். சான்றிதழையே பெற்றார். குடல் சத்தை உறிஞ்சாமற்போகும் ‘ஸ்ப்ரூ’ என்னும் நோய்க்கு உடன்பிறந்தாரைப் பறிகொடுத்த துயரம் அவர் நெஞ்சில் இருந்தது. 1923-இல் அமெரிக்கா சென்றார். பின்னர் லெடர்லி ஆராய்ச்சிக்கூடத்தின் தலைவரானார். ஸ்ப்ரூ நோய்க்கும் உதவுகின்ற ஃபோலிக் அமிலத்தை 1945-இல் அவருடைய குழுவினர் செயற்கையாக ஆக்கி முடித்தனர். அதன்பின், அவ்வமிலத்தைப் போலவே தோற்றமளித்து, அதன் வேலையைத் தடுக்கும் எதிர்ப்பொருள்களையும் ஆக்கினர். அவற்றுள் ஒன்று அமினாப்டெரின்.

பாஸ்டன் நகரின் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்னும் டாக்டர் அதனைப் பெற்று, இரத்தப் புற்றுநோய் கொண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். பதினாறு குழந்தைகளுள் பத்துப்பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது. வீங்கிய மண்ணீரல் சுருங்கியது. படுத்த படுக்கையாய்க் கிடந்த குழந்தை எழுந்து நடந்தது. 1948 ஜூன் மாதம் இது வெளியாயிற்று. அக்கட்டுரையின் தலைப்பிலேயே ஃபார்பர் ‘தற்காலிகமான’ என்னும் அடைமொழியை இட்டிருந்தார். அவர் கண்டது குணமன்று, தணிவு. அதுவும் தற்காலிகத் தணிவு. நாம் இரயில் நிலையத்தில் காட்டத் தவறிய எச்சரிக்கையை, அத்துறையின் முதல் வெற்றியை அறிவித்தவர் தலைப்பிலேயே காட்டிவிட்டார். அதே ஆண்டு ஆகஸ்டு மாதம் சுப்பாராவ் காலமானார்.

அமினாப்டெரினுக்கு அடுத்து வந்த உடன்பிறப்பு மெதோட்ரெக்ஸேட். எங்கள் தெருச் சிறுமிக்கு வாரம் ஒருமுறை கொடுக்கச் சொன்ன சிறு மஞ்சள் மாத்திரை அதுதான். பம்பாய்ப் பெண்களின் சோகையிலே தொடங்கி, சென்னையிலே படித்த ஒருவரின் கைவழியாக உலகைச் சுற்றி வந்த மருந்து, எங்கள் தெருவில் ஒரு வீட்டு மாடத்தில் வாங்கப்படாமல் ஆறு வாரம் இல்லாது கிடந்தது. இதை நினைக்கும்போதெல்லாம் மனம் குன்றுகிறது.

தணிவு தற்காலிகமாக இருப்பதேன்? மருந்தினால் கெட்ட அணுக்களுள் மிகப் பெரும்பாலானவை அழிகின்றன. உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் மஜ்ஜை தூயதாகத் தோன்றும். ஆனால் கண்ணுக்குத் தெரியாத சில அணுக்கள் பதுங்கியிருக்கும். அவை மீண்டும் பெருகினால் நோய் திரும்பும். ஆகவே ஒரு மருந்தோடு நில்லாமல் பல மருந்துகளைச் சேர்த்தும், தணிவு வந்தபின் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தும் கொடுக்கும் முறை உருவாயிற்று. நம் நாட்டில் 1980-களில் தொடங்கி, மும்பை டாடா நினைவு மருத்துவமனை, சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், டில்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகம் ஆகியவை குழந்தைகளுக்கென ஒரே வகைச் சிகிச்சை முறையைக் கைக்கொண்டு, பிழைப்போர் தொகையை உயர்த்திக் காட்டின. எங்கள் பகுதியினருக்கு 1981-இல் திருவனந்தபுரத்தில் அமைந்த வட்டாரப் புற்றுநோய் மையம் பெருந்துணையாயிற்று.

மருந்துக்கும் அடங்காமல் நோய் திரும்புமானால் என்ன செய்வது? களை மண்டிய வயலை முழுதும் உழுதுவிட்டு, வேறொருவர் வயலிலிருந்து நல்ல நாற்றைக் கொண்டுவந்து நடலாகாதா? இந்தக் கேள்வியைத் தம் வாழ்நாள் ஆராய்ச்சியாகக் கொண்டவர் அமெரிக்க டாக்டர் டானல் தாமஸ். 1957-இல் அவர் ஆறு நோயாளிகளுக்குப் பிறருடைய மஜ்ஜையைச் செலுத்தியதை வெளியிட்டார். அவர்களுள் ஒருவரும் நெடுநாள் உயிர் தரிக்கவில்லை. 1959-இல் ஒரே கருவில் தோன்றிய இரட்டையரில் ஒருவர் மஜ்ஜையை மற்றவருக்கு அளித்தார். மஜ்ஜை வேரூன்றியது, ஆனால் சில மாதங்களில் நோய் திரும்பியது. மீண்டும் தணிவே, குணம் வரவில்லை.

பலர் இம்முயற்சியைக் கைவிட்ட காலத்தில் தாமஸ் கைவிடவில்லை. நாய்களைக் கொண்டு பல ஆண்டுகள் சோதனை செய்தார். இதற்கிடையில், ஒருவர் உடலின் அணுவுக்கும் மற்றவர் அணுவுக்கும் உள்ள பொருத்தத்தைக் காட்டும் அடையாளங்களைப் பிரெஞ்சு நாட்டு ஜான் டோசே 1958-இல் கண்டறிந்தார். இவ்வடையாளங்களில் பாதி தந்தையிடமிருந்தும் பாதி தாயிடமிருந்தும் வருகின்றன. ஆகவே உடன்பிறந்த ஒருவருடையது முழுதும் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. இதனைத் துணைக்கொண்டு 1969-இல் சியாட்டில் நகரில், பொருத்தமான உடன்பிறப்பின் மஜ்ஜையை இரத்தப் புற்றுநோயாளிக்கு அளிக்கும் பணியைத் தாமஸ் தொடங்கினார். 1977-இல் நூறு நோயாளிகளின் விவரத்தை வெளியிட்டார். எல்லா மருந்தும் பயனற்றுப்போன அந்த நூறு பேரில் பதின்மூவர் நோயின்றி வாழ்ந்தனர்.

பதின்மூன்று என்பது சிறு தொகையே. ஆயினும் அவர்கள் பெற்றது தற்காலிகத் தணிவன்று. அப்போது தாமஸின் குழுவினர் வேறொரு கேள்வி கேட்டனர்: நோய் முற்றும்வரை ஏன் காத்திருக்க வேண்டும்? மருந்தினால் தணிவு வந்தவுடனேயே, கெட்ட அணுக்கள் மிகச் சிலவாக இருக்கும்போதே, மஜ்ஜையை மாற்றினால் என்ன? 1979-இல் வெளியான அவர்கள் முடிவு இத்துறையின் போக்கையே மாற்றியது. முதல் தணிவிலே மாற்றம் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பிழைத்தனர். இங்கேதான் நாம் தேடிய விளக்கம் கிடைத்தது. தணிவு என்பது குணமன்று. குணத்தைத் தேடிக்கொள்வதற்குக் கிடைத்த அவகாசம். அந்த அவகாசத்தை எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதிலேதான் உயிர் இருக்கிறது. 1990-இல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது. 2012-இல் அவர் மறைந்தார்.

சியாட்டிலில் தாமஸிடம் பயின்றவர்களுள் மும்பை டாக்டர் சுரேஷ் அத்வானி ஒருவர். சிறு வயதில் இளம்பிள்ளை வாதத்தினால் கால்கள் செயலற்றுச் சக்கர நாற்காலியிலேயே வாழ்பவர். 1983-இல் டாடா நினைவு மருத்துவமனையில், இரத்தப் புற்றுநோய் கொண்ட ஒன்பது வயதுச் சிறுமிக்கு அவளுடைய சகோதரனின் மஜ்ஜையை அளித்து, இந்தியாவில் இச்சிகிச்சையின் முதல் வெற்றியைக் கண்டார்.

தமிழ்நாட்டில் இப்பணியைத் தொடங்கி, அதையே வாழ்நாள் ஆராய்ச்சியாக்கியவர் டாக்டர் மாமன் சாண்டி. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில் பயிற்சி பெற்று, வேலூருக்கே திரும்பினார். 1900-ஆம் ஆண்டில் ஐடா ஸ்கடர் அம்மையார் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய நிலையம் அது. அங்கே 1986-இல் சாண்டியும் அவர் துணைவரும் முதல் மஜ்ஜை மாற்றத்தைச் செய்தனர். பயன்பெற்றது தலசீமியா என்னும் பிறவி இரத்தக் குறையுள்ள குழந்தை. அது புற்றுநோயன்று, எனினும் அதன் வேரும் மஜ்ஜையின் மூலஅணுவிலேயே இருப்பதனால் சிகிச்சை ஒன்றே.

இங்கே கருதத்தக்கது ஒன்றுண்டு. இச்சிகிச்சைக்குத் தூய்மைப்படுத்திய காற்றுள்ள தனியறை வேண்டும். பொருத்தம் பார்க்கும் கூடம் வேண்டும். நாள்தோறும் இரத்தக் கொடை வேண்டும். நோய்க்கிருமிகள் மலிந்த நாட்டிலே, எதிர்ப்பாற்றல் முற்றும் அற்ற நோயாளியை வாரக்கணக்கில் காக்க வேண்டும். செல்வ நாடுகளில் வகுத்த முறையை அப்படியே பெயர்த்து எழுதினால் இங்கே பொருந்தாது. இதை ஒரு மொழிபெயர்ப்பாளர் நன்கு உணரலாம். சாண்டியின் சிறப்பு, அம்முறையை நம் நாட்டு நிலைமைக்கேற்பத் தாமே ஆராய்ந்து அமைத்துக்கொண்டதேயாகும்.

ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். தலசீமியாக் குழந்தைகளை மூன்று நிலைகளாகப் பிரிக்கும் முறையை இத்தாலிய டாக்டர் லுக்கரெல்லி வகுத்திருந்தார். நம் நாட்டில் பல குழந்தைகள், போதிய மருந்தின்றி வளர்ந்து, கல்லீரல் பெருத்த நிலையிலேயே வேலூருக்கு வந்தனர். இத்தாலியக் கணக்கின்படி இவர்கள் எல்லோரும் மூன்றாம் நிலை. ஆயினும் இவர்களுள்ளும் வேறுபாடு உண்டென்பதை வேலூர்க் குழுவினர் கண்டனர். வயது ஏழும் அதற்கு மேலுமாய், கல்லீரல் ஐந்து சென்டிமீட்டரும் அதற்கு மேலும் பெருத்த குழந்தைகளே பேரபாயத்தில் உள்ளவர்கள் என்று 2007-இல் எழுதினர். பின்னர், அத்தகைய குழந்தைகளுக்கு நச்சுத்தன்மை குறைந்த ஆயத்த மருந்தைத் தேர்ந்து, இறப்பைக் குறைத்தனர். ‘வேலூர் வகுப்பு’ என்னும் பொருளில் அப்பாகுபாடு அயல்நாட்டு ஆராய்ச்சிகளிலும் எடுத்தாளப்படுகிறது.

மற்றோர் எடுத்துக்காட்டு இன்னும் வியப்புக்குரியது. இரத்தப் புற்றுநோயில் ‘புரோமைலோசைட்’ வகை என்று ஒன்றுண்டு. இரத்தக் கசிவினால் சில நாட்களிலேயே உயிரைக் கவரக்கூடியது. 1980-களில் ஷாங்காய் நகரின் வாங் செனி என்னும் டாக்டர், வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்தொன்றால் இது தணிவதைக் காட்டினார். அதனோடு கடுமையான புற்றுநோய் மருந்துகளையும் சேர்த்துக் கொடுப்பது மேனாட்டு வழக்கமாயிற்று. ஆனால் அதற்கு ஆகும் செலவு வேலூருக்கு வந்த ஏழைகளுள் பலருக்கு எட்டாததாக இருந்தது. தீரக்கூடிய நோய் என்று தெரிந்தும், பணமின்மையால் நோயாளியைத் திருப்பியனுப்ப வேண்டிய நிலை டாக்டர்களுக்கு ஏற்பட்டது.

சீனத்தின் ஹார்பின் நகரில் 1970-களிலேயே வேறொரு மருந்து பயன்பட்டு வந்தது. அது ஆர்செனிக் ட்ரையாக்ஸைடு. நம் சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று வழங்குவது. சாண்டியும், அவரிடம் பயின்ற விக்ரம் மேத்யூஸ் முதலியோரும் 1998 முதல், வேறு புற்றுநோய் மருந்துகளை முதன்மையாகக் கொள்ளாமல், இந்த ஒன்றையே முதற்சிகிச்சையாகக் கொடுத்து ஆராய்ந்தனர். 72 நோயாளிகளின் முடிவுகளை 2006-இல் வெளியிட்டனர். நூற்றுக்கு எண்பத்தாறு பேர் முழுத் தணிவை எய்தினர். முன்னர்க் கூறியதுபோல் தணிவு என்பது அவகாசமே. ஆனால் இங்கே அத்தணிவு பெரும்பாலோருக்கு ஆண்டுக்கணக்கில் நிலைத்தது. 2010-இல் வெளியான நெடுங்காலக் கணக்கும் அதை உறுதி செய்தது. அதாவது, தணிவு குணமாக மாறியது. மஜ்ஜை மாற்றமின்றி, பல நாட்கள் வீட்டிலிருந்தே வந்துபோய்ப் பெற்ற சிகிச்சையினாலே அது நிகழ்ந்தது.

நச்சுப்பொருளை வைத்துச் சிகிச்சை செய்வதா என்று சிலர் ஐயுறலாம். அளவும் கண்காணிப்புமே நஞ்சை மருந்தாக்குகின்றன. இதயத்துடிப்பையும் இரத்தத்தையும் இடைவிடாது சோதித்து, நரம்பு வழியே செலுத்தும் மருந்து அது. இதைக் கேட்டு எவரும் கடைப்பாஷாணத்தை நாடலாகாது; அது உயிரைப் போக்கும். 2013-இல் இத்தாலி, ஜெர்மனி நாட்டு டாக்டர்கள், ஆர்செனிக்கையும் அந்த வைட்டமின் மருந்தையும் மட்டும் சேர்த்துக் கொடுத்தால், அபாயம் மிகாத நோயாளிகளுக்கு வழக்கமான கடுஞ்சிகிச்சையினும் நற்பயன் விளைகிறது என்று நிறுவினர். ஏழைகளுக்காக வேலூரில் எண்ணிப் பார்த்த பாதையும் செல்வ நாட்டார் சென்று சேர்ந்த பாதையும் இவ்வாறு ஒன்றோடொன்று கூடின.

சாண்டி பின்னர்க் கொல்கத்தாவில் 2011-இல் திறந்த டாடா மருத்துவ மையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். 2019-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். விக்ரம் மேத்யூஸ் 2022-இல் வேலூர்க் கல்லூரியின் இயக்குநரானார். அலோக் ஸ்ரீவாஸ்தவா முதலிய வேலூர் ஆராய்ச்சியாளர்கள், இரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகளின் சொந்த மூலஅணுக்களிலேயே குறைபட்ட மரபுக்கூற்றைச் சேர்த்து, அவர்களுக்கே திரும்பச் செலுத்தும் முறையை ஐவரிடம் வெற்றியாகச் செய்து, 2024-இல் வெளியிட்டனர். ஒருவர் ஏற்றிய விளக்கிலிருந்து அடுத்தவர் திரி கொளுத்திக்கொள்ளும் முறையாகவே இவ்வாராய்ச்சி வளர்ந்துவருகிறது.

இனி எங்கள் தெருச் சிறுமியின் செய்தியை முடிக்க வேண்டும். 2017-இல் நோய் திரும்பியபின், மருந்துகளால் அவளுக்கு இரண்டாம் தணிவு வந்தது. இம்முறை காகிதத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தோம். “அண்ணாச்சி, இதுவும் அந்தச் சொல்தானா?” என்று தந்தை கேட்டார். “ஆம், அதே சொல்தான். நோய் தணிந்திருக்கிறது, போகவில்லை. போக்குவதற்கு இதுவே நேரம்” என்றோம். அண்ணனுடைய அணுக்கள் பொருந்தின. பதினாறு வயதுப் பையன். ஊசி என்றாலே அஞ்சுபவன். மஜ்ஜையைக் கொடுத்தால் கொடுத்தவருக்குக் குறைந்துபோகும் என்று பாட்டி தடுத்தார். கிணற்று நீர் இறைக்க இறைக்க ஊறுவதுபோல், சில வாரங்களில் அது தானே நிரம்பிவிடும் என்று விளக்கினோம். தறியில் ஒன்றை விற்றும், உறவினரிடம் பெற்றும், அரசு உதவியைக் கொண்டும் செலவைச் சமாளித்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கத்துச் சான்றிதழும் அந்தப் பக்கத்துச் சான்றிதழும் மொழி மாற்றப்பட வேண்டியிருந்தன. அத்தனையையும் நாமே இரவில் அமர்ந்து எழுதினோம். ஒவ்வொரு சொல்லையும் இருமுறை பார்த்தோம்.

அந்தச் சிறுமி பிழைத்தாள். தோலில் சில காலம் புண் வந்தது. ஓராண்டுப் படிப்பு போயிற்று. ஐந்தாண்டுகள் நோயின்றிக் கடந்தபின்னரே டாக்டர் ‘குணம்’ என்னும் சொல்லைத் தம் வாயால் சொன்னார். அச்சொல்லை அவர் அத்தனை காலம் காத்து வைத்திருந்தது நமக்குப் பாடமாயிற்று. ஆனால் எல்லா வீட்டிலும் கதை இப்படி முடிவதில்லை என்பதையும் மறைக்கலாகாது. நான்கில் மூன்று பங்கு வேளைகளில் குறிப்பிட்ட ஓர் உடன்பிறப்பின் அணு முழுதும் பொருந்துவதில்லை. அத்தகையோருக்காகவே முன்பின் அறியாத கொடையாளர்களின் பதிவேடுகள் ஏற்பட்டுள்ளன. சென்னையில் 2009-இல் தொடங்கிய ‘தாத்ரி’ அவற்றுள் ஒன்று. பாதி மட்டும் பொருந்தும் தாய் தந்தையரின் அணுக்களைக் கொண்டே சிகிச்சை செய்யும் முறையும் இந்நூற்றாண்டில் வளர்ந்திருக்கிறது.

ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ட உண்மை ஒரு குழந்தையின் உடலைச் சென்று சேர்வதற்குப் பல கைகளைக் கடக்க வேண்டியிருக்கிறது. மருந்து செய்பவர், டாக்டர், செவிலியர், கொடையாளர் ஆகியோர் கைகளைக் கடந்து, இறுதியில் அது ஒரு காகிதத்தில் எழுதிய சொல்லாக வீட்டுக்கு வருகிறது. அங்கே படித்துச் சொல்லுபவர் தவறிழைத்தால் முன்னவர் அனைவருடைய உழைப்பும் வீணாகலாம். எல்லையோரத்துச் சிற்றூர்களில் அவ்வாறு படித்துச் சொல்லும் நிலையில் உள்ள அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: காகிதத்தைக் கடைசி வரிவரை படியுங்கள், ஐயமிருந்தால் டாக்டரையே கேளுங்கள், ‘குணமாகிவிட்டது’ என்று சொல்லும் உரிமையை அவருக்கே விட்டுவிடுங்கள். மருந்து இன்னும் எத்தனை நாள், அடுத்து எப்போது போக வேண்டும் என்னும் இரண்டையும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதி, வீட்டுச் சுவரில் ஒட்டிக் கொடுங்கள்.

எங்கள் தெருவில் அந்த வீட்டுச் சுவரில், நாம் 2017-இல் எழுதி ஒட்டிய தாள் இன்னும் இருக்கிறது. அதன் தலைப்பில் ‘தணிவு’ என்று எழுதியிருந்தோம். ஐந்தாண்டு முடிந்த அன்று அந்தப் பெண்ணே அச்சொல்லைக் கோடிட்டு அடித்து, அதன் மேலே வேறொரு சொல்லை எழுதினாள்.